மிச்சம் மீனுக்கு

சீயானின் இரை டப்பா ஒரு பழைய குட்டிக்கூரா பவுடர் டப்பா. பவுடர் கொட்டும் ஓட்டைகள் வழியாகக் காற்று போவதால் உள்ளே கிடக்கும் இரை சாகாது. அடிப்பக்கத்தை அறுத்துவிட்டு, முருங்கைக் கட்டை ஒன்றைச் செதுக்கி மூடியாகச் செருகி வைத்திருந்தார். அந்த டப்பாவைத் திறந்து பார்த்தால் இன்ன மாதம் என்று சொல்லிவிடலாம். மண்புழு நெளிந்தால் ஆனி. வெட்டுக்கிளி முட்டி மோதினால் ஆடி. ஈசல் என்றால் ஐப்பசி. புண்ணாக்கு உருண்டை என்றால் மார்கழி. ஆலம்பழம் சிவந்து கிடந்தால் பங்குனி. தமிழ் மாதங்களை நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்வதற்கு முன்பே அந்த டப்பாவில் படித்துவிட்டேன்.

சீயான் என் அம்மாவைப் பெற்றவர். அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆயக்கட்டில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தை மாதத்து ஜல்லிக்கட்டு நாள் நினைவுக்கு வரும். ஊரில் பிறந்தவர்களுக்கு வருடம் முழுவதும் தண்ணீரின் பேச்சுதான். வடக்கே சிறுமலை. அங்கிருந்து இறங்கும் சாத்தையாறு. மேற்கே பேரணையில் வைகையிலிருந்து பிரிந்து வரும் பெரியாறு பிரதானக் கால்வாய். 1895இல் பென்னிகுயிக் பெரியாற்றில் அணை கட்டி முடித்திருக்காவிட்டால் மேற்குக் கடலுக்குப் போயிருக்கவேண்டிய தண்ணீர் அது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் எங்கள் வயலுக்கு வந்தது, கூடவே மீனையும் கொண்டுவந்தது.

1974இல் எனக்குப் பதினோரு வயது. கோடை விடுமுறைக்கு வந்தவனை, பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றி இரண்டு வருடம் தங்கவைத்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடமும் நான் சீயானின் பின்னாலேயே திரிந்தேன்.

தூண்டில் என்பது அவரிடம் பெரிய சாமானில்லை. தீயில் வாட்டி நிமிர்த்திய மூங்கில் கம்பு, கம்பு நீளத்துக்கு நைலான் நரம்பு, சோளத்தட்டை நெட்டியில் ஒரு தக்கை, கடித்து நசுக்கிய ஈயத் துணுக்கு, மதுரையில் வாங்கிய முள். வருடம் முழுவதும் இவை அதிகம் மாறாது. மாறுவது இரைதான். அதனால் அவருடைய யோசனை எல்லாம் இரையில் இருந்தது. கரைக்குப் போனதும் தூண்டிலைப் பிரிக்க மாட்டார். ஒரு பீடி எரிந்து முடியும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்ன பார்க்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மீனைத் தேடுகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேன்.

"மீன நான் எதுக்குப்பா பாக்கணும்? தண்ணியில என்ன விழுகுதுன்னு பாக்கேன். மீனு அதத்தான பாத்துக்கிட்டு இருக்கு."

ஆனியில் கால்வாயில் தண்ணீர் விட்டால் முதலில் வருவது நுரையும் சருகும். காய்ந்து வெடித்த வாய்க்கால் மண்ணில் தண்ணீர் ஏறும்போது அடியில் ஒடுங்கியிருந்த மண்புழுக்கள் வெளியே வரும். புதுத்தண்ணீரின் வாசனைக்குக் கெண்டையும் கெளுத்தியும் எதிரேறி வரும். அந்த வாரம் முழுக்க மண்புழுவைத் தவிர வேறெதையும் அவர் கையால் தொட மாட்டார். எருக்குழியின் ஓரத்து ஈரமண்ணில் மண்வெட்டி போட்டுச் சிவந்த புழுவாகப் பொறுக்குவோம். புழுவை முழுக்கக் கோர்த்துவிடக் கூடாது. வால் ஒரு விரற்கடை தொங்கி நெளியவேண்டும்.

ஆடிக்காற்று பிடித்ததும் புழு டப்பாவிலிருந்து போய்விடும். காற்று வரப்புப் புல்லையும் கரையோரப் புங்கை, வாகை மரங்களையும் உலுக்குகிற மாதம். வெட்டுக்கிளியும் பச்சைப்புழுவும் தண்ணீரில் வந்து விழும். எந்தக் கரையில் நிற்பது என்பதுதான் அப்போது பெரிய விஷயம். புல்லிலிருந்து தண்ணீரை நோக்கிக் காற்றடிக்கிற கரையில் நிற்கவேண்டும். இரை விழுகிற இடமும் அதுதான், நரம்பைக் காற்றே கொண்டுபோய்ப் போடுகிற இடமும் அதுதான். வெட்டுக்கிளியின் பிடரியில் மட்டும் முள்ளை ஏற்றுவார். கால்கள் உதைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த உதைப்பில் எழும் சின்ன வட்டங்களுக்குத்தான் மீன் மேலே வரும்.

மார்கழி மந்தமான மாதம். கண்மாய் நிரம்பிக் குளிர்ந்து கிடக்கும். மீன் அடியில் போய்ப் படுத்துவிடும். கடலைப் புண்ணாக்கோடு தவிட்டைப் பிசைந்து உருட்டி, ஈயம் கூடுதலாகக் கட்டி அடிமட்டத்தில் போடுவோம். ஆனால் எங்கள் ஊரில் மார்கழிக்கு இன்னொன்றும் உண்டு. ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு அப்போதுதான் நீச்சல் பயிற்சி. திமில் மட்டும் தெரிய, மூக்கை உயர்த்திக்கொண்டு காளை கண்மாயைக் கடந்து வரும். கரையேறும் இடத்தில் அதன் குளம்பு சேற்றைக் கிளறிவிட்டுப் போகும். சீயான் அந்தக் கலங்கலுக்காகக் காத்திருப்பார். காளை போன பின்பு, அது கிளறிய இடத்தில் மட்டும் புண்ணாக்கை விட்டுவிட்டு மண்புழுவை இறக்குவார். பத்து எண்ணுவதற்குள் தக்கை அமுங்கும். சேற்றிலிருந்து கிளம்பிய புழு பூச்சிகளுக்காகக் கெண்டைகள் அங்கே ஏற்கெனவே கூடியிருக்கும். ஊரே காளையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் காளைக்குப் பின்னால் வரும் தண்ணீரைப் பார்த்தார்.

மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற விராலின் காலம். அல்லி இலைகளின் இடைவெளியில் தவளைக்குஞ்சைத் தொட்டுத் தொட்டு எடுக்கவேண்டும். விரால் வருவது கண்ணுக்குத் தெரியாது. இலை ஒன்று சற்றே சாயும், அவ்வளவுதான். விராலில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து மூச்சுவிடும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கொத்துக்கு மேலே எதைப் போட்டாலும், பசிக்காக இல்லாமல் குஞ்சைக் காப்பாற்றப் பாய்ந்து வந்து கடிக்கும். பிடிக்க அதைவிட லேசான நேரம் கிடையாது. சீயான் அந்தப் பக்கம் தூண்டிலையே நீட்ட மாட்டார். "அது இரையத் திங்க வரல, நம்மள விரட்ட வருது" என்பார்.

பங்குனி கழிந்து ஆலம்பழமும் ஓய்ந்தால் தூண்டில் எரவாணத்தில் செருகப்பட்டுவிடும். வற்றிய கண்மாயில் ஊர் கூடி மீன்பிடிக்கும் நாள் வரும். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சனம் இறங்கும். அன்றைக்கு அவரும் ஊத்தாவோடு இறங்குவார். அது ஊரின் பங்கு. தூண்டில் தனி மனிதனின் பொறுமை. இரண்டையும் அவர் கலந்ததில்லை.

இத்தனையிலும் என் மனசில் ஆழமாகப் பதிந்தது ஐப்பசி.

முந்தின நாள் மாலையே தட்டான்கள் களத்துக்கு மேல் ஆளுயரத்தில் பறந்தன. இரவு மழை கொட்டியது. மறுநாள் பகல் முழுக்கப் புழுக்கம். அந்தியில் பனைமரத்தடிப் புற்றின் பக்கத்தில் சீயான் என்னை உட்காரவைத்தார். ஈரமண்ணில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் திறந்தன. முதலில் வந்தவை இறக்கையில்லாத கறையான்கள். வாசலில் காவல்போல நின்றன. அவற்றுக்குப் பின்னால், நனைந்த காகிதம்போல இறக்கையை இழுத்துக்கொண்டு ஈசல்கள். ஒன்று, ஐந்து, நூறு. பிறகு புற்றே புகைவதுபோல மேலே கிளம்பிவிட்டன.

அம்மாச்சி அகலமான மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, மேலே லாந்தரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வெளிச்சத்துக்கு வந்த ஈசல் தண்ணீரில் விழும். மறுநாள் வெயிலில் காயப்போட்டு, இறக்கையைப் புடைத்து நீக்கி, அரிசியோடு வறுத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தருவாள். அந்த மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. சட்டியில் பாதி நிறைந்ததும் சீயான் போய் லாந்தரை ஊதி அணைத்துவிட்டார். வானம் முழுக்க ஈசல் இருக்கும்போது ஏன் அணைக்கிறார் என்று நான் கத்தினேன்.

"போதும்ப்பா. மிச்சம் மீனுக்கு."

வெளிச்சம் இல்லாமல் போனதும் ஈசல் கூட்டம் காற்றோடு கண்மாய்ப் பக்கம் நகர்ந்தது. நாங்களும் போனோம். மடைக்குப் பக்கத்தில் கரையோரத் தண்ணீர் கொதிப்பதுபோல இருந்தது. இத்தனை நாள் அடியில் கிடந்த கெண்டைகள் எல்லாம் மேலே. 'சப்', 'சப்' என்று முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம். இடையில் குறவை ஒன்று எழும்பினால் அந்தச் சத்தம் சற்றுக் கனமாகக் கேட்கும்.

நான் அவசரமாக ஒரு ஈசலை எடுத்து, அம்மாச்சி செய்வதுபோல இறக்கையைப் பிய்த்துவிட்டு, முள்ளில் கோர்த்து வீசினேன். ஈயத்தின் கனத்தில் அது தண்ணீருக்குள் போய்விட்டது. சுற்றிலும் மீன் துள்ளுகிறது, என் தக்கை அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது ஈசலும் அப்படியே. அழுகை வந்துவிட்டது.

சீயான் தூண்டிலை வாங்கினார். முதலில் ஈயத்தைப் பல்லால் கடித்து எடுத்தார். தக்கையையும் கழற்றினார். மடியிலிருந்த சின்னக் குப்பியிலிருந்து விளக்கெண்ணெயை விரலில் தொட்டு நரம்பில் உருவினார். தண்ணீர் அதை உள்ளே இழுக்காமல் மேலேயே கிடக்கும். பிறகு இருப்பதிலேயே சின்ன முள்ளைக் கட்டி, ஒரு ஈசலை முதுகுப்புறமாக, இறக்கை முளைக்கும் இடத்துக்குக் கீழே நோகாமல் குத்தினார். நான்கு இறக்கையும் அப்படியே இருந்தன.

"ரெக்கைய எதுக்குப் பிச்ச? ரெக்க உதுந்த ஈசல் தரையிலதான ஊரும். தண்ணியில விழுகுறது பூராம் ரெக்கையோட விழுகுது. ரெக்கையில்லாத ஈசல இந்த மீனு பாத்ததே இல்லப்பு. அதுக்குத் தெரிஞ்சதக் குடு."

கம்பை வீசவில்லை. உயர்த்திப் பிடித்து, காற்று நரம்பைத் தூக்கட்டும் என்று விட்டார். ஈசல் மிதந்து போய்த் தண்ணீரின் மேல் அமர்ந்தது. இறக்கைகள் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு விரிந்தன. உடல் துடித்த துடிப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக நூலிழை போன்ற வட்டங்கள். மூன்று வட்டம் எண்ணியிருப்பேன். தண்ணீரில் ஒரு குழி விழுந்தது. ஈசல் இல்லை. கம்பு வளைந்தது. அன்று பொழுது முழுக்க இருட்டும் வரை என் கையாலேயே ஒன்பது கெண்டை பிடித்தேன்.

பதினைந்து வருடம் கழித்து, 1989இல், வேலை நிமித்தமாக நீலகிரிக்குப் போனேன். அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த படுகர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மீன்வளத்துறையில் உரிமம் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் டிரவுட் மீன் பிடிக்க அவலாஞ்சிப் பக்கம் போவார். டிரவுட் நம் மண்ணின் மீனில்லை. குளிர்ந்து ஓடும் தெளிந்த தண்ணீரில் மட்டும் வாழும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடேறினால் திணறும். 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர எடுத்த முயற்சி பலிக்கவில்லை. பிறகு ஹெச்.சி. வில்சன் என்பவரின் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்துத்தான் வானவில் டிரவுட்டை இங்கே நிலைக்கவைத்தார்கள்.

ஒரு ஞாயிறு அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். ஓடைக் கரையில் உட்கார்ந்து ஒரு தட்டையான தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகப் பூச்சிகள். ஒன்றுக்கும் உயிரில்லை. முள்ளின் மேல் நூலைச் சுற்றி, சேவலின் கழுத்திறகைச் சக்கரம்போல வரிந்து கட்டிய பொய்ப்பூச்சிகள். விறைப்பான அந்த இறகு நுனிகள் தண்ணீரின் மேல்தோலில் கால் ஊன்றி நிற்கும், முள் மூழ்காது. நனையாமல் மிதப்பதால் டிரை ஃப்ளை என்று பெயர். அண்ணன் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பெயர் சொன்னார். மார்ச் பிரவுன், ஆடம்ஸ், கோச்மேன் என்று இன்னும் பல. இங்கிலாந்தின் ஓடைகளில் வசந்தம் தொடங்கும்போது ஒன்று, மே ஈக்கள் கூட்டமாக எழும்போது ஒன்று, ஆகஸ்ட் புழுக்கத்தில் இறக்கை முளைத்த எறும்புகள் விழும்போது ஒன்று. டெஸ்ட் என்ற ஆற்றின் கரையில் ஹால்ஃபோர்ட் என்பவர் இந்த மிதக்கும் பூச்சிகளைக் கட்டும் முறையை 1886இல் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார் என்றார்.

பெட்டியின் மூலையில் வேறு ஒரு இறகு இருந்தது. நுனியில் அரக்கை உருக்கிச் சொட்டியதுபோல மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பொட்டு. அண்ணனுக்கு யாரோ பழைய தோட்டக்காரர் கொடுத்தது. எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. சிறுமலையில் விடியலில் கூவும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகு. தென்னாட்டு மலைகளின் அந்த இறகு கப்பலேறிப் போய், சால்மன் மீனுக்கான பூச்சிகளில் கண்ணாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. அதற்காக எத்தனை சேவல்கள் செத்தனவோ. பிறகு அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இன்று அந்தப் பறவையைக் கொல்வது சட்டப்படி குற்றம். அந்தத் தடை வந்ததில் எனக்கு நிறைவு. ஒரு பூச்சியின் கண்ணுக்காக ஒரு மலையின் கூவல் அடங்கக் கூடாது.

அண்ணன் தூண்டிலை உடனே பிரிக்கவில்லை. கால் மணி நேரம் ஓடையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தண்ணீரில் கையை விட்டு, மிதந்து வந்த ஒரு பூச்சியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அதன் நிறத்தையும் அளவையும் பெட்டியில் தேடி ஒன்றை எடுத்தார். நரம்பில் ஏதோ கொழுப்பைத் தடவினார்.

என் தொண்டை அடைத்துக்கொண்டது. பீடியும் விளக்கெண்ணெய்க் குப்பியுமாகச் சீயான் அந்தக் குளிரில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அவர் போய் அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் ஆங்கிலம் அறியாதவர். ஹால்ஃபோர்ட் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இரண்டு பேரும் படித்த பாடம் ஒன்று. மீனுக்கு எது பிடிக்கும் என்பதை மனிதன் தீர்மானிப்பதில்லை. இன்றைக்கு, இந்த மணிக்கு, இந்த மண்ணும் மரமும் காற்றும் தண்ணீருக்கு எதைக் கொடுக்கின்றனவோ அதுதான் இரை. அதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஊர் முழுவதும் தெரியும்.

பின்னாளில் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற பெயர் கண்ணில் பட்டது. மதராஸ் மாகாண சிவில் அதிகாரி. இந்தியாவின் ஆற்றுமீன் பிடிப்பைப் பற்றி 1873இல் ஒரு புத்தகம் எழுதியவர், 1887இல் நம் ஏரி கண்மாய்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு புத்தகம் எழுதியிருக்கிறார். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் நம் கண்மாயைப் புத்தகம் எழுதத் தக்கதாக நினைத்திருக்கிறார் என்பதில் மகிழ்ச்சி. அந்தக் கண்மாய்களின் கரையில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களின் அறிவு எழுதப்படாமலே போனதில் தீராத வருத்தம்.

ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டேன். பனைமரத்தடிப் புற்று இருந்த இடத்தில் இப்போது வீடுகள். தெருவுக்குத் தெரு வெள்ளை விளக்கு. ஐப்பசியில் ஈசல் கிளம்பினால் நேரே விளக்குக் கம்பத்துக்குப் போய், சுற்றிச் சுற்றித் தார்ரோட்டில் விழுகிறது. காலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறார்கள். கண்மாயில் பாதி ஆகாயத்தாமரை. அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. தூண்டில் போடுகிற பையன்களைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு மாதமும் புரோட்டாக் கடை மைதா மாவுதான் இரை. அவர்கள் மேல் குற்றமில்லை. தண்ணீரில் என்ன விழுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆளில்லை. நான் இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

போன ஐப்பசியில் ஒரு மாலை. பகலெல்லாம் மழை பெய்து வெறித்திருந்தது. திண்ணை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. எட்டு வயதுப் பேத்தி பாத்திரம் எடுத்துவந்து பிடித்தாள். அம்மாச்சியின் பக்குவத்தை அவளுக்குச் சொல்லியிருந்தேன். பாத்திரம் பாதி நிறைந்ததும் எழுந்து போய் விளக்கை அணைத்தேன். அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் போய், அரைமணி நேரம் வாசல் விளக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். காரணம் சொன்னதும் மறுக்காமல் நிறுத்தினார்கள்.

"ஏன் தாத்தா அணைச்சீங்க? இன்னும் நிறைய இருக்கே?"

"மிச்சம் மீனுக்கும்மா. வா, காட்டுறேன்."

தூண்டில் எடுக்கவில்லை. இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடந்தேன். மடைக்கல்லில் இருவரும் உட்கார்ந்தோம். வெகுநேரம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ஆகாயத்தாமரை இல்லாத அந்தச் சின்னத் திறப்பில், 'சப்'.

அவள் என் கையை இறுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினாள்.